எத்தனை நாள் இருப்பீர்கள்?

'விசா ஆன் அரைவல்' என்ற பெயரை அப்படியே நம்பினால், நாம் போய் இறங்குவோம், கதவைத் தட்டுவோம், அங்கேயே அனுமதி தருவார்கள் என்றுதான் தோன்றும். கேட்கவே இதமாக இருக்கிறது. தூதரக வாசலில் காலையிலேயே போய் நிற்க வேண்டாம். ஆறு மாத வங்கிக் கணக்கை முகம் தெரியாத ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் என்ன நினைப்பாரோ என்று காத்திருக்க வேண்டாம். பாஸ்போர்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம்.

நடப்பில், அந்த நாட்டின் வாசல் அந்த நாட்டில் இல்லை. சென்னை விமான நிலையத்தின் செக்-இன் கவுண்டரில் இருக்கிறது. 'ரிட்டர்ன் டிக்கெட் இருக்கா சார்? ஹோட்டல் புக்கிங்?' என்று முதலில் கேட்பவர் விமான நிறுவன ஊழியர். அவர் எந்த நாட்டின் அதிகாரியும் அல்ல. ஆனால் அவர் கேட்டே ஆக வேண்டும். நுழைவு மறுக்கப்பட்ட பயணியைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு அவரை ஏற்றிவந்த விமான நிறுவனத்துடையது என்கிறது சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையின் ஒன்பதாவது இணைப்பு. பல நாடுகள் அபராதமும் விதிக்கின்றன. அதனால் அந்த ஊழியரின் கணினியில் 'டைமேட்டிக்' என்ற தரவுத்தளம் இருக்கும். எந்த நாட்டு பாஸ்போர்ட், எந்த நாட்டுக்குப் போகிறது, இடையில் எங்கே இறங்குகிறது என்று கொடுத்தால் விதியைச் சொல்லிவிடும்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எனக்கு இதைப் பார்த்ததும் புரிந்துவிடும். 'இப்படி இருந்தால் உள்ளே விடு, இல்லையென்றால் தடு' என்ற வரிகளைத்தான் நாங்கள் நாள் முழுக்க எழுதுகிறோம். அந்த வரிகளில் ஒரு சௌகரியம் உண்டு. முடிவை எடுத்தது யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். விதி சொல்கிறது, ஊழியர் படிக்கிறார், பயணி கேட்டுக்கொள்கிறார்.

அந்த விதி என்னதான் கேட்கிறது? அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

*

தாய்லாந்தை எடுத்துக்கொள்கிறேன். நம்மில் பலருக்கு முதல் வெளிநாடு அதுதான். எனக்கும் அப்படித்தான். 2017இல் நான் போனபோது இந்தியர்களுக்கு அங்கே வந்திறங்கியதும் விசா உண்டு. கட்டணம் 2,000 பாட். 15 நாள் தங்கலாம். புகைப்படம் ஒன்று, தங்குமிட முகவரி, 15 நாளுக்குள் நாட்டைவிட்டு வெளியேறும் உறுதிசெய்யப்பட்ட டிக்கெட். கூடவே, கையில் பணம் இருப்பதற்கான சான்று: தனிநபருக்கு 10,000 பாட், குடும்பத்துக்கு 20,000 பாட்.

பட்டியலைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் தெரியும். சேர்த்துப் படித்தால் அது ஒரே கேள்வி. நீ எங்களிடம் எதையும் கேட்க மாட்டாய் என்று நிரூபி. படுக்க இடம் கேட்க மாட்டாய், ஹோட்டல் இருக்கிறது. சோறு கேட்க மாட்டாய், பணம் இருக்கிறது. வேலை கேட்க மாட்டாய், இருக்கவே கேட்க மாட்டாய், டிக்கெட் இருக்கிறது. தாய்லாந்தின் 1979ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, யாரையெல்லாம் உள்ளே விடக்கூடாது என்று வரிசைப்படுத்துகிறது. பிழைக்க வழியில்லாதவர், பயிற்சி தேவைப்படாத உடலுழைப்பு வேலைக்காக வருபவர், அமைச்சர் குறிப்பிட்ட அளவு பணம் இல்லாதவர் எல்லாரும் அதில் உண்டு. தாய்லாந்தைக் குறை சொல்ல இதை எடுத்துக்காட்டவில்லை. உலகில் பெரும்பாலான நாடுகளின் சட்டம் ஏறக்குறைய இதையேதான் வேறு சொற்களில் சொல்கிறது.

சுவர்ணபூமி விமான நிலையத்தில் அந்த வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் ஈரோட்டுக்காரர். ஐம்பது வயதிருக்கும். துணி வியாபாரம். பிரதுனாம் சந்தையில் மொத்தமாகச் சரக்கு பார்க்க வந்திருந்தார். கவுண்டரில் அவரிடம் பணத்தைக் காட்டச் சொன்னார்கள். அவர் சட்டைக்குள் கைவிட்டு ஒரு துணிப்பையை எடுத்தார். அதிகாரி மேலாகப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அடுத்தது நான். என்னிடம் பணம் கேட்கவே இல்லை. அன்றைக்கு என் கையில் 10,000 பாட் ரொக்கம் கிடையாது. கார்டை நம்பி வந்திருந்தேன். விதிப்படி பார்த்தால் தகுதியோடு நின்றவர் அவர்தான். ஏன் அவரிடம் மட்டும் கேட்டார்கள் என்பதை ஊகிக்கத்தான் முடியும். அவர் வேட்டி கட்டியிருந்தார். அவருக்கு ஆங்கிலம் வரவில்லை.

வெளியே வந்து பெட்டிக்குக் காத்திருந்தபோது சொன்னார்: "பொண்ணு கேட்டுப் போனப்பகூட யாரும் இப்படிப் பையைத் திறந்து காட்டச் சொல்லலீங்க தம்பி." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்த வாக்கியத்தை அப்புறம் நிறைய யோசித்திருக்கிறேன். அவருக்குக் காசு ஒரு பிரச்சனையே இல்லை. என்னைவிடப் பத்து மடங்கு வைத்திருந்தார். அவரைத் தொட்டது, தான் யாரென்று ஒருவர்கூடக் கேட்காமல் தன்னிடம் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டது.

*

தமிழில் 'விருந்து' என்ற சொல்லுக்குப் பழைய பொருள் 'புதுமை'. புதிதாக வந்தவர், முன்பின் தெரியாதவர்தான் விருந்து. நாம் இன்று விருந்து என்றால் பிரியாணியையும் மாமன் மச்சானையும் நினைக்கிறோம். சொல்லின் ஆதிப் பொருளில் சொந்தக்காரர் விருந்தே அல்ல. தெரியாதவருக்குக் கதவைத் திறப்பதைத்தான் பெரிய அறமாக வைத்தார்கள். தெரிந்தவருக்குச் சோறு போடுவதில் அறத்துக்கு என்ன வேலை இருக்கிறது?

ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு, 'பாருங்கள், நம் மரபு எவ்வளவு உயர்ந்தது, நவீன அரசு எவ்வளவு கறாரானது' என்று முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. ஒரு வீட்டுத் திண்ணைக்குரிய அறத்தை ஒரு நாட்டின் எல்லைக்கு அப்படியே நீட்ட முடியாது. திண்ணைக்கு வருபவர் ஒருவர், இருவர். தாய்லாந்துக்கு 2019இல் மட்டும் வந்தவர்கள் கிட்டத்தட்ட 4 கோடிப் பேர்.

இந்த இடத்தில் இம்மானுவேல் காண்ட் உதவுகிறார். கோனிக்ஸ்பெர்க் நகரைவிட்டு அதிகம் வெளியே போகாத அந்த மனிதர், 1795இல் நிரந்தர அமைதி பற்றி எழுதிய சிறு நூலில், அயலாரின் உரிமையைப் பற்றி ஒரு பகுதி வைத்தார். பூமி உருண்டை. மனிதர்கள் முடிவில்லாமல் விலகிப் போய்க்கொண்டே இருக்க முடியாது. எங்கேயாவது சந்தித்துத்தான் ஆக வேண்டும். ஆதியில் பூமியின் எந்த மூலைக்கும் ஒருவருக்கு இன்னொருவரைவிட அதிக உரிமை கிடையாது. ஆகவே புதிய மண்ணில் காலடி வைக்கும் ஒருவரைப் பகைவராக நடத்தக்கூடாது. இது தயவு அல்ல, அவருடைய உரிமை. ஆனால் அது வந்து பார்க்கும் உரிமை மட்டும்தான். தங்கி விருந்தாளியாக இருக்கத் தனி உடன்பாடு வேண்டும். உள்ளே விட மறுக்கலாம், மறுப்பதால் அவர் அழிந்துபோக மாட்டார் என்றால்.

அந்தக் கடைசி நிபந்தனையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருகிறேன்.

காண்ட் ஏன் உரிமையை இவ்வளவு சுருக்கினார்? அவர் மனதில் இருந்தவர்கள் ஏழை வழிப்போக்கர்கள் அல்ல, ஐரோப்பிய வணிகக் கப்பல்கள். 'பார்க்க வருகிறோம்' என்று போன இடத்தையெல்லாம் அவர்கள் கைப்பற்றியதை அவர் அங்கேயே கண்டிக்கிறார். இந்தியாவையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அந்நியர் வருகையைச் சீனாவும் ஜப்பானும் கட்டுப்படுத்தியது புத்திசாலித்தனம் என்கிறார். அதாவது, கதவில் நின்று கேள்வி கேட்கும் உரிமை, பலவீனமானவர் பலமானவரிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள எழுந்த உரிமை. ஆகவே கதவே கூடாது என்று சொல்பவனல்ல நான். கதவில்லாத வீட்டுக்கு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா என்ன?

சிக்கல், அந்தக் கதவு இன்று யாரைத் தடுக்கிறது என்பதில். சிறு வணிகர்கூடப் பையைத் திறந்து காட்டுகிறார். பெருமூலதனம் எந்த வரிசையிலும் நிற்பதில்லை. கப்பலோடு வந்தவனை நிறுத்துவதற்காகச் செய்த தாழ்ப்பாள், இன்று கைப்பையோடு வருபவரைத்தான் நிறுத்துகிறது.

*

இந்தத் திருப்பம் எப்படி நடந்தது என்பதற்கு ஒரு கப்பலே சாட்சி. 1914 மே 23 அன்று கொமகட்டா மாரு என்ற ஜப்பானியக் கப்பல் கனடாவின் வான்கூவர் துறைமுகத்துக்கு வந்தது. அதில் 376 இந்தியர்கள், பெரும்பாலோர் சீக்கியர்கள். எல்லாரும் பிரிட்டிஷ் பேரரசின் பிரஜைகள். கனடாவும் அதே பேரரசின் பகுதிதான். 'இந்தியர் வரக்கூடாது' என்று வெளிப்படையாகச் சட்டம் போட்டால் பேரரசுக்குச் சங்கடம். எனவே 1908இலேயே இரண்டு விதிகள் தயாராக இருந்தன. ஒன்று, சொந்த நாட்டிலிருந்து எங்கும் மாறாமல் ஒரே பயணமாக வந்திருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து கனடாவுக்கு அப்படி நேரடிக் கப்பலே கிடையாது. இரண்டு, ஆசியர்கள் கையில் 200 டாலர் வைத்திருக்க வேண்டும்.

இரண்டிலும் 'இந்தியர்' என்ற சொல் இல்லை. டிக்கெட்டும் பணமும்தான் இருந்தன. கப்பல் இரண்டு மாதம் துறைமுகத்திலேயே நின்றது. இருபத்துச் சொச்சம் பேரைத் தவிர யாரையும் இறங்க விடவில்லை. ஜூலை 23 அன்று போர்க்கப்பல் காவலோடு திருப்பி அனுப்பினார்கள். செப்டம்பர் 29 அன்று கல்கத்தா அருகே பட்ஜ் பட்ஜில் கரையிறங்கியபோது பிரிட்டிஷ் காவலர்கள் சுட்டதில் பயணிகளில் சுமார் இருபது பேர் இறந்தார்கள். 2016இல் கனடா நாடாளுமன்றத்தில் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ மன்னிப்புக் கேட்டார்.

வான்கூவரும் சுவர்ணபூமியும் ஒன்றல்ல. ஒன்று இனவெறி, மற்றது சுற்றுலா நிர்வாகம். ஆனால் வடிவம் ஒன்றுதான். ஆளைச் சொல்லாமல் ஆளைத் தேர்ந்தெடுக்க டிக்கெட்டும் பணமும் போதும். ஒரு விதி யார் பெயரையும் சொல்லவில்லை என்பதாலேயே அது எல்லாரையும் சமமாக நடத்துகிறது என்று ஆகிவிடாது.

கனடாவில் கற்பித்த அரசியல் தத்துவவாதி ஜோசப் கேரன்ஸ் 1987இல் எழுதிய ஒரு கட்டுரையில், பணக்கார நாட்டுக் குடியுரிமையை நிலப்பிரபுத்துவ காலத்துப் பிறப்புரிமையோடு ஒப்பிட்டார். பிரபுவின் வீட்டில் பிறந்தால் பிரபு, பண்ணையாளின் குடிசையில் பிறந்தால் பண்ணையாள். அதை அநீதி என்று ஒழித்துவிட்டோம். பாஸ்போர்ட்டின் நிறத்தில் அது அப்படியே இருக்கிறது. சாதியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். பிறந்த இடம் ஒருவரின் நடத்தையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. ஆனாலும் வரிசையைப் பிரிப்பது அதுதான்.

*

'அதெல்லாம் சரி, நாடுகள் சும்மாவா கேட்கின்றன? சிலர் போய்த் தங்கிவிடுகிறார்கள் இல்லையா?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். தங்குகிறார்கள்தான். புள்ளிவிவரத்தை வைத்துச் சந்தேகப்படுவது நிர்வாகத்துக்கு எளிது. ஆனால் அந்தச் சந்தேகம் நிஜமாகவே நம்மைப் பற்றியதுதானா? பின்னால் நடந்ததைப் பாருங்கள்.

2023 நவம்பரில் தாய்லாந்து இந்தியர்களுக்கு விசாவே வேண்டாம், 30 நாள் இருக்கலாம் என்றது. 2024 ஜூலையில் அது 60 நாளானது. ஈரோட்டுக்காரர் இதற்குள் எந்த விதத்திலும் மாறியிருக்க மாட்டார். அதே வேட்டி, அதே துணிப்பை. 2017இல் 15 நாளுக்கு மேல் நம்ப முடியாதவராக இருந்தவர், 60 நாளுக்கு நம்பத்தக்கவராக ஆகிவிட்டார். மாறியது தாய்லாந்தின் தேவை. கொரோனாவுக்குப் பிறகு சீனப் பயணிகள் எதிர்பார்த்த அளவுக்குத் திரும்பவில்லை. ஹோட்டல்கள் நிரம்ப வேண்டியிருந்தது.

எனக்கு இதில் மகிழ்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தளர்வு மரியாதை இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். தேவைக்காகத் திறந்த கதவு தேவை தீர்ந்ததும் மூடும். முன்பு நம்மைச் சந்தேகித்தபோதும் அவர்கள் நம்மை எடைபோடவில்லை. இப்போது வரவேற்கும்போதும் எடைபோடவில்லை. இரண்டு நேரத்திலும் தங்கள் கணக்கைத்தான் பார்த்தார்கள்.

இப்படிப்பட்ட கதவின் முன்னால் உண்மைக்கு என்ன ஆகும்? 'டம்மி டிக்கெட்' என்று ஒரு வியாபாரமே நடக்கிறது. சில நூறு ரூபாய் கொடுத்தால், ரத்தாகப் போகும் ஒரு திரும்பும் டிக்கெட்டை அச்சிட்டுத் தருவார்கள். விசாவுக்கு முன்னால் மச்சானிடம் லட்சம் ரூபாய் கைமாற்று வாங்கிக் கணக்கில் போட்டு, விசா வந்ததும் திருப்பித் தருவது நம் ஊரில் சாதாரணம். செய்பவர்கள் யாரும் பொய்யர்கள் அல்ல. அடுத்த மாதம் தான் என்ன செய்வோம் என்பதற்கு யாரிடம் ஆவணம் இருக்கும்? திரும்பும் டிக்கெட் ஒரு தகவல் இல்லை, சத்தியம். சத்தியத்தைக் காகிதமாகக் கேட்டால் காகிதம் கிடைக்கும். அதனால் இந்த விதி நேர்மையானவரையும் நேர்மையற்றவரையும் பிரிப்பதில்லை. காகிதம் தயாரிக்கத் தெரிந்தவரையும் தெரியாதவரையும்தான் பிரிக்கிறது.

*

இப்போது காண்டின் அந்த நிபந்தனைக்கு வருகிறேன். மறுப்பதால் அழிந்துபோகாதவரைத்தான் மறுக்கலாம்.

தாய்லாந்தின் மேற்கு எல்லையில் ஒன்பது முகாம்கள் இருக்கின்றன. 1984 முதல் மியான்மரின் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்தவர்கள், பெரும்பாலும் கரேன் மக்கள், அங்கே வாழ்கிறார்கள். அரசின் மொழியில் அவை 'தற்காலிகத் தங்குமிடங்கள்'. நாற்பது வருடத் தற்காலிகம். வெளியே போய் வேலை செய்யச் சட்டம் இடம் தரவில்லை. 2025இல் கம்போடியாவோடு மோதல் மூண்டு, கம்போடியத் தொழிலாளர்கள் ஊர் திரும்பி, ஆள் பற்றாக்குறை வந்த பிறகுதான் தாய்லாந்து அரசு அந்த அனுமதிக்கு ஒப்புக்கொண்டது. இங்கும் அதே கணக்குதான்.

தாய்லாந்தைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் அது அசிங்கம். அகதிகளுக்கான 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் தாய்லாந்து கையெழுத்திடவில்லை, இந்தியாவும் இடவில்லை. 1983 முதல் வந்த ஈழத் தமிழர்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இன்னும் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். 2021இல் தமிழக அரசு அவற்றுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. பெயர் நல்ல பெயர். உள்ளே, இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசும் இளைஞர்களில் பெரும்பாலோருக்கு இன்றும் குடியுரிமை கிடையாது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது. இதே வேளையில், கொழும்பிலிருந்து ஒருவர் சுற்றுலாப் பயணியாக மின்விசா எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் பார்க்க நிம்மதியாக வந்து போகலாம். அவருக்கு நம்மிடமிருந்து எதுவும் தேவையில்லை.

2010இல் இந்தியா முதன்முதலாக வந்திறங்கியதும் விசா கொடுக்கத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்தது ஐந்து நாடுகளை: பின்லாந்து, ஜப்பான், லக்சம்பர்க், நியூசிலாந்து, சிங்கப்பூர். நம்முடைய முதல் ஐந்து விருந்தாளிகள். இந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம், சுவர்ணபூமி வரிசையில் எனக்கிருந்த மனக்குறை கொஞ்சம் பல்லிளிக்கிறது. கவுண்டரின் அந்தப் பக்கம் நாமும் உட்கார்ந்திருக்கிறோம். அந்தப் பக்கம் இருக்கும்போது நாமும் இதே கேள்வியைத்தான் கேட்கிறோம்.

சரி, அப்போ என்னதான் செய்யணும்? எல்லையையெல்லாம் நாளைக்கே எடுத்துவிட முடியும் என்று நான் நம்பவில்லை. இரண்டை மட்டும் பிரித்துப் பார்க்கலாம் என்கிறேன். சுற்றுலாவுக்கு வருபவரிடம் 15 நாளா 60 நாளா என்பது வசதி சம்பந்தப்பட்ட விஷயம். அதில் நாடுகள் பேரம் பேசட்டும், கட்டணம் வாங்கட்டும். மறுத்தால் ஒரு விடுமுறை போகும், அவ்வளவுதான். ஓடி வருபவரிடம் கேட்பது வேறு. அங்கே மறுப்பு ஓர் உயிரைத் தொடுகிறது. இந்த இரண்டாமவரை முதலாமவருக்காகச் செய்த அளவுகோலால் அளப்பதுதான், எல்லை பற்றி நாம் செய்யும் பெரிய அநீதி என்று எனக்குப் படுகிறது. தேவை இல்லாதவர் வரும்போது கதவு மெலிதாகிறது. தேவையோடு வருபவர் வரும்போது அது சுவராகிறது. 'விருந்து' என்ற சொல்லை உண்டாக்கியவர்கள் இதைக் கேட்டால் தலைகீழாக எழுதிவிட்டீர்களே என்பார்கள்.

பாஸ்போர்ட் கவுண்டரில் எல்லா மொழியிலும் கேட்கப்படும் ஒரு கேள்வி உண்டு: எத்தனை நாள் இருப்பீர்கள்? நானும் நீங்களும் டிக்கெட்டைப் பார்த்துச் சட்டென்று பதில் சொல்லிவிடுவோம். மண்டபம் முகாமில் நாற்பது வருடமாக இருக்கும் ஒருவர் அதற்கு என்ன சொல்வார்? ஊரில் போர் நிற்கும்வரை என்று முன்பு சொல்லியிருப்பார். போர் நின்றது 2009இல். இப்போது அவருடைய பேரக்குழந்தைகள் இந்த மண்ணில் பள்ளிக்கூடம் போகிறார்கள். அந்தக் கேள்வியை இனி அவரிடம் கேட்க நமக்கு உரிமை இருக்கிறதா?